கோல்ஃப் மட்டையைத் தொடாதவருக்கு ‘கோல்ஃபர்ஸ் எல்போ’: ஐந்தருவியிலிருந்து ஒரு த்ரெட்

1/
“வீட்டிலேயே கோல்ஃப் பழகுவது எப்படி”ன்னு ரீல்ஸ் போட்டு சாமான் விக்கிறவங்க மேல எனக்குக் கோபம். அதைவிட அதிகமா எங்க டாக்டர் கூட்டத்து மேல கோபம். எல்லாத்துக்கும் மேல என் மேலயே கோபம். நீளமான த்ரெட். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

2/
முதல்ல யார் பேசறேன்னு சொல்லிடறேன். தென்காசி பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை. எம்.பி.பி.எஸ். மட்டும்தான். எலும்பு நிபுணர் இல்ல. கோல்ஃப் ஆடினதும் இல்ல. ஊட்டியில வேலி ஓரமா நின்னு பார்த்ததோட சரி. எனக்குத் தெரிஞ்சு எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற கோல்ஃப் மைதானமே ஆரியங்காவு தாண்டி, திருவனந்தபுரத்துலதான். பின்ன எதுக்கு இந்தப் பேச்சு? சொல்றேன்.

3/
போன வருஷம் ஜூலை. நல்ல சாரல். ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் தண்ணி கொட்டுது, ஊரே கார் நம்பர் பிளேட்டா நிக்குது. சீசன்ல எங்க ஓ.பி. எப்படி இருக்கும்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். பாறையில வழுக்கினவர், புரோட்டா ஒத்துக்காதவர், குரங்கு கீறினவர்னு வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். அன்னைக்கு ஒரே காலையில ரெண்டு முழங்கை வந்துச்சு. (ரெண்டு பேரோட அடையாளத்தையும் மாத்தித்தான் எழுதறேன்.)

4/
முதல் முழங்கை: சென்னைக்காரர், நாற்பத்தஞ்சு வயசு, ஐ.டி. வேலை. குடும்பத்தோட குளிக்க வந்தவர். “டாக்டர், ஒரு வருஷமா மொட்டை மாடியில மேட் விரிச்சு, வலை கட்டி கோல்ஃப் பிராக்டிஸ் பண்றேன். தினமும் இருநூறு பந்து. இப்ப பக்கெட் தூக்க முடியல.” முழங்கையின் உட்பக்க எலும்பு முனையில விரலை வெச்சேன், ஆள் துள்ளிட்டார். மணிக்கட்டை உள்பக்கமா மடக்கச் சொல்லித் தடுத்தேன், அதே இடத்துல வலி. பாடப்புத்தகத்துல இருக்கிற ‘கோல்ஃபர்ஸ் எல்போ’.

5/
எனக்கு ஒரே உற்சாகம்! நிஜமான கோல்ஃப் ஆடுறவருக்கு நிஜமான கோல்ஃபர்ஸ் எல்போ. வரிசையை நிறுத்திட்டு அவருக்கு இருபது நிமிஷம் கொடுத்தேன். பேப்பர்ல படம் வரைஞ்சு, எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எத்தனை வாரம்னு எழுதிக் கொடுத்தேன். “ஊசி வேண்டாம் சார், தசைநாருக்குப் பயிற்சிதான் மருந்து”ன்னு பெரிய பேச்சு வேற.

6/
ரெண்டாவது முழங்கை: அரை மணி நேரம் கழிச்சு. ஐந்தருவிக்குப் போற வழியில எண்ணெய் தேய்ச்சு விடறவர். ஐம்பது வயசு இருக்கும். “சார், கை முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. எண்ணெய்ப் பாட்டிலப் பிடிச்சா நழுவுது.” அதே எலும்பு முனை. அதே வலி. அதே நோய்.

7/
அவருக்கு நான் கொடுத்தது என்ன தெரியுமா? டைக்ளோஃபெனாக் ஊசி ஒண்ணு. மாத்திரை அஞ்சு நாளைக்கு. “அண்ணாச்சி, ஒரு மாசம் கைக்கு ரெஸ்ட் கொடுங்க.” மொத்தம் ஒன்றரை நிமிஷம்.

அவர் சிரிச்சார். “சாரல்ல ரெஸ்ட் எடுத்தா ஆடி கழிஞ்ச பொறவு என்னத்த திங்க சார்?”

நானும் சிரிச்சேன். அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.

8/
அந்தச் சிரிப்புதான் இந்த த்ரெட்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அந்த மூணு மாச வருமானத்துலதான் அவருக்கு மீதி ஒன்பது மாசமும் ஓடணும். அதுலயும் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டா அன்னைக்குக் கூலி பூஜ்யம். அவர்கிட்ட போய் ஒரு மாசம் ரெஸ்ட்னு சொல்றது மருத்துவ ஆலோசனை இல்லீங்க. “உன் நோயைப் பத்தி யோசிக்க எனக்கு நேரமில்ல”ங்கறதுக்கு மரியாதையான தமிழ்.

9/
இப்போ நோயைப் பத்திக் கொஞ்சம். விரல்களை மடக்கி இறுக்கிப் பிடிக்கிற தசைகளும் மணிக்கட்டை உள்நோக்கி மடக்குகிற தசைகளும் முழங்கையின் உட்பக்க எலும்பு முனையில் வந்து ஒட்டுகின்றன. ஒட்டுகிற இடம்தான் தசைநார். ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை, போதிய இடைவெளியில்லாமல் செய்தால் அந்த நாரின் இழைகள் நைந்து போகும். உடம்பு பழுது பார்க்கிற வேகத்தைவிட நாம் கிழிக்கிற வேகம் அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

10/
இதுல முக்கியமான ஒண்ணு: இது பெரும்பாலும் வெறும் ‘அழற்சி’ இல்லை. நைந்த கயிறு மாதிரி. வலி மாத்திரை கொஞ்ச நாள் வலியை மறைக்கும், கயிறை முறுக்கித் தராது. கயிறு திரும்ப உறுதியாகணும்னா அதுக்கு அளவான, மெதுவா கூடுகிற சுமை கொடுக்கணும். அந்தச் சுமைக்குப் பேர்தான் பயிற்சி.

11/
அப்போ ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ன்னு பேர் எப்படி வந்துச்சு? இந்த நோய் வர்றவங்கள்ல பெரும்பாலோர் எந்த விளையாட்டும் ஆடாதவங்க. எங்க ஓ.பி.யில பாருங்க: எண்ணெய் தேய்க்கிறவர், கொத்தனார், மரம் அறுக்கிறவர், புரோட்டா மாவு அடிக்கிறவர். கடையம், ஆலங்குளம் பக்கத்துல இருந்து வர்ற பீடி சுத்துற அக்காமாருக்குக் கழுத்துல ஆரம்பிச்சு விரல் வரைக்கும் வலி. ஒருத்தரும் கோல்ஃப் பந்தைக் கையால தொட்டதில்ல.

12/
வெளிப்பக்க முழங்கை வலிக்கு ‘டென்னிஸ் எல்போ’ன்னு பேர் இருக்குல்ல, அதோட கதையைக் கேளுங்க. 1873-ல் ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது அது எழுதுகிறவர்களுக்கு வரும் கைவலி. பத்தே வருஷம். 1883-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ‘லான் டென்னிஸ் எல்போ’ ஆகிவிட்டது. டென்னிஸ் அப்போ புது மோகம். ஃபீஸ் கொடுத்து டாக்டரைப் பார்க்க வந்தவங்க டென்னிஸ் ஆடுனாங்க, நோய்க்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு.

13/
“டாக்டர், ஹவுஸ்மெய்ட்ஸ் நீ-ன்னு வேலைக்காரப் பெண்கள் பேர்லயும் ஒரு நோய் இருக்கே?”ன்னு யாராவது கேப்பீங்க. இருக்கு. நியாயமான கேள்வி. பேரை மாத்தச் சொல்லி நான் கொடி பிடிக்கல. பேர் எங்க கண்ணைக் கட்டிடுது, அதுதான் என் புகார். கோல்ஃப்னு படிச்சதால கோல்ஃப் ஆடுறவர் வந்ததும் எனக்கு நோய் பளிச்சுன்னு தெரிஞ்சது, வைத்தியமும் முழுசா ஞாபகம் வந்தது. எண்ணெய் தேய்க்கிறவர் வந்தப்ப அது வெறும் ‘கைவலி’.

14/
சரி, கோல்ஃப் கூட்டத்துக்கு வர்றேன். வீட்டுல பழகுறதை நான் கிண்டல் பண்ணல. வீட்டுப் பயிற்சி மட்டம் இல்ல. டான் பிராட்மன் சின்ன வயசுல என்ன பண்ணார்? பௌரல் ஊர்ல வீட்டுத் தண்ணித் தொட்டி மேடையில கோல்ஃப் பந்தை எறிஞ்சு, திரும்பி வர்றதை ஸ்டம்பாலேயே அடிச்சுப் பழகினார். மேட்டும் இல்ல, வலையும் இல்ல, செயலியும் இல்ல.

15/
நம்ம நாட்டு கோல்ஃபையே பாருங்க. அலி ஷேர் டெல்லி கோல்ஃப் கிளப்ல பை தூக்கின கேடி. 1991-ல் இந்தியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்திய தொழில்முறை வீரர். 2009-ல் அதே பட்டத்தை ஜெயித்த முனியப்பா பெங்களூர்ல கேடியா இருந்தவர். சௌராசியாவோட அப்பா ராயல் கல்கத்தா கிளப்ல புல்தரை பராமரிக்கிறவர். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல அதிதி அசோக் நாலாவது இடம் வந்தப்ப அவருக்குப் பை தூக்கினது அவங்க அம்மா. “பணக்கார ஆட்டம், இதுக்கு ஒரு த்ரெட்டா”ன்னு கேக்கறவங்களுக்கு இதான் பதில். ஆட்டத்துக்கு சாதியும் பணமும் கிடையாது; மைதானத்துக்குதான் வேலி இருக்கு.

16/
இப்போ ரீல்ஸ் வியாபாரிகளுக்கு. வீட்டுல பழகறதுல எதுக்கு நிறைய பலன், எதுக்கு நிறைய காயம்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தில், ஒரு குழிக்கு ரெண்டு வீதம் 18 குழிக்கு 36 அடி ‘பட்டிங்’குக்கு என்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது குழிப் பக்கம் மெதுவா உருட்டி விடறது. கணக்குல சரிபாதி ஆட்டம்! அதுக்கு மாடி வேண்டாம், வலை வேண்டாம், தோள்பலமும் வேண்டாம்.

17/
விக்கிறது என்ன? மீதிப் பாதியை. ஓங்கி அடிக்கிற மட்டை, வலை, தடுப்புத் துணி, வேகம் அளக்கிற கருவி. ஏன்னா உருட்டற பயிற்சிக்கு ஒரு டம்ளர் போதும். டம்ளரை யார்கிட்ட போய் விக்கிறது? கோல்ஃப் குழியோட விட்டம் 108 மில்லிமீட்டர். நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளர் வாய் அதைவிடச் சின்னது. பத்தமடைப் பாயோ ஜமுக்காளமோ சுருக்கமில்லாம விரிச்சு, ஆறடி தள்ளி டம்ளரைப் படுக்க வெச்சு, தினமும் அம்பது பந்து உருட்டுங்க. எத்தனை உள்ள போச்சுன்னு நோட்டுல எழுதுங்க. டம்ளர்ல விழற பந்து மைதானத்துக் குழிக்குள்ள தாராளமா விழும்.

18/
ஓங்கி அடிக்கிறதுல என்ன ஆபத்து? புல்தரையில் மட்டை கொஞ்சம் கீழே இறங்கினால் மண்ணை வெட்டிக்கொண்டு போகும். அந்த மண்ணு அதிர்ச்சியை வாங்கிக்கும். மொட்டை மாடியில் மெல்லிய மேட்டுக்கு அடியில் இருப்பது கான்கிரீட். அது வாங்காது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வரும் மட்டையின் அதிர்ச்சி அப்படியே மணிக்கட்டு, அங்கேயிருந்து முழங்கை. ஒரு நாளைக்கு 200 தடவை. சென்னைக்காரருக்கு நடந்தது இதுதான்.

19/
அதனால வீட்டு கோல்ஃப் ஆட்கள் தயவுசெஞ்சு:
– கான்கிரீட் மேல மெல்லிய மேட் போட்டு ஓங்கி அடிக்காதீங்க. அடிச்சே ஆகணும்னா தடிமனான மேட், 30–40 பந்து, ஒருநாள் விட்டு ஒருநாள்.
– பந்தே இல்லாம, கண்ணாடி முன்னாடி, மெதுவா சுத்திப் பழகுங்க. இடுப்பு திரும்புதா, கை மட்டும் இழுக்குதான்னு தெரியும்.
– பிடி. பொரிச்ச அப்பளத்தைப் பிடிக்கிற மாதிரி. இறுக்கிப் பிடிக்கிறவங்களுக்குத்தான் முழங்கை போகுது.
– ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் நடை, தோள், இடுப்பு, மணிக்கட்டு சுழற்சி. முதுகுக்கும் இதுதான் காப்பு.
– ஃபேனுக்குக் கீழ மட்டை சுத்தாதீங்க. சிரிக்காதீங்க, தையல் போடறது நாங்கதான்.

20/
“வலி இல்லாம வளர்ச்சி இல்லை”ன்னு ஒரு வசனம் ரீல்ஸ்ல ஓடுது. தசைநார் விஷயத்துல அது பச்சைப் பொய். பயிற்சி செய்யும்போது லேசான வலி வரலாம். பத்துக்கு மூணு, நாலு. மறுநாள் காலையில அது பழைய அளவுக்கு இறங்கணும். இறங்கலைன்னா சுமை அதிகம், குறைங்க. இந்த ஒரு விதியைப் பிடிச்சுக்கிட்டா போதும்.

21/
இப்போ ரெண்டாவது முழங்கைக்குத் திரும்புவோம். அண்ணாச்சி என் ஊசிக்கு அப்புறம் வெளியில ஒரு இடத்துல போய் முட்டியிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டார். வலி பறந்துச்சு. சீசன் முழுக்க வேலை பார்த்தார். ஐப்பசியில திரும்ப வலி, இன்னொரு ஊசி. இந்த வருஷம் சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே என்கிட்ட வந்து நின்னார். தண்ணி குடிக்கக் கொடுத்த டம்ளரை இடது கைக்கு மாத்திக்கிட்டார்.

22/
இது அவர் தலையெழுத்து இல்ல. எழுதி வெச்ச விஷயம். கோல்ஃபர்ஸ் எல்போவுக்கே 1997-ல் ஒரு ஆய்வு: ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் வலி குறைவு, மூன்று மாதத்திலும் ஒரு வருஷத்திலும் போடாதவர்களோடு வித்தியாசமே இல்லை. வெளிப்பக்க வலிக்கு 2013-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வு, 165 பேர்: ஸ்டீராய்டு போட்டவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் வலி திரும்பியது. வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களில் 12 பேருக்கு. திரும்பப் படிங்க. 54, 12.

23/
இதையெல்லாம் படிச்சவன்தான் நான். சென்னைக்காரருக்கு “ஊசி வேண்டாம்”னு சொன்னவனும் நான்தான். அப்போ அண்ணாச்சிக்கு ஏன் சொல்லல? நண்பர்கள் கிட்ட கேட்டா ரெடிமேட் பதில் இருக்கு: “நம்ம ஜனங்க எக்சர்சைஸ் எல்லாம் செய்ய மாட்டாங்க மச்சி, ஊசி போடலைன்னா டாக்டரே இல்லம்பாங்க.”

24/
இந்தப் பதில் மேலதான் என் முழுக் கோபமும். ஊசிதான் வைத்தியம்னு ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நாமதானே! ரெண்டு தலைமுறையா ஊசி போட்டு அனுப்பிட்டு, இப்போ “ஊசி கேக்கறாங்க”ன்னு அவங்க மேலயே பழி. காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வேலைக்குப் போறவருக்கு ஒழுக்கம் பத்தாதாம். வாங்கின மேட்டை மூணு மாசத்துல பரண்ல போடறவருக்கு ஒழுக்கம் இருக்காம்.

25/
நேரம் இல்லைங்கறது பொய்யில்ல, ஒத்துக்கறேன். காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் 150 சீட்டு வந்தா ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல. ஆனா அன்னைக்கு ஒருத்தருக்கு இருபது நிமிஷம் எங்கிருந்து வந்துச்சு? நேரம் இல்லாம இல்ல. யாருக்குக் கொடுக்கணும்னு மனசு முன்னாடியே முடிவு பண்ணிடுது.

26/
இந்தத் தடவை அண்ணாச்சிக்கு ஏழு நிமிஷம் எடுத்துக்கிட்டேன். இதான் பயிற்சி, எல்லாரும் குறிச்சுக்கலாம்:
அரை லிட்டர் தண்ணி பாட்டில். முன்கையை மேசை மேல வெச்சு, உள்ளங்கை மேல பார்த்த மாதிரி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியில. நல்ல கையால பாட்டிலோட மணிக்கட்டை மேல தூக்குங்க. வலிக்கிற கையால மட்டும் நாலு எண்ணி மெதுவா இறக்குங்க. 15 தடவை, மூணு சுற்று, தினமும். சுலபமானா ஒரு லிட்டர் பாட்டில். எட்டுலேருந்து பன்னிரண்டு வாரம். ரெண்டு வாரத்துல பலன் தேடாதீங்க.

27/
வேலையை நிறுத்தச் சொல்லல. மாத்தச் சொன்னேன். விரலால அழுத்தறதைக் குறைச்சு முன்கையால, உடம்பு எடையால அழுத்துங்க. ரெண்டு பேருக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் இடைவெளி. முதுகுக்கு வலது கைன்னா காலுக்கு இடது கை. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா சார்”னார். கோபமா சொல்லல. அதான் உறைச்சது.

28/
பத்து வாரம் ஆச்சு. வலி முழுசா போகலை, பொய் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. பாட்டில் நழுவறதில்ல. டம்ளரை வலது கையால வாங்கிக்கறார். ஊசி போடல. இந்த சீசன்ல ஒரு நாளும் லீவு போடலைன்னு பெருமையா சொன்னார். ஒரு ஆளை வெச்சு ஆய்வு முடிவு சொல்ல முடியாதுதான். ஆனா அவருக்கு இது செஞ்சு பார்க்கக்கூடிய வைத்தியம், சாப்பாட்டைக் கெடுக்காத வைத்தியம்.

29/
ஜாக்கிரதை ஒண்ணு: எல்லா முழங்கை வலியும் இது இல்ல. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனா நரம்பு அழுத்தமா இருக்கலாம். வீக்கம், காய்ச்சல், கை நீட்டவே முடியாம பூட்டிக்கிறது, அடிபட்ட வலி: உடனே வாங்க. நெஞ்சு அடைப்பு, வியர்வையோட இடது கை வலின்னா பாட்டில் தூக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

30/
அரசுக்கு ஒரு கோரிக்கை, உள்ளே இருந்தே சொல்றேன். 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி இருக்கு. நல்ல திட்டம், என் நோயாளிகளே பலன் அடைஞ்சிருக்காங்க. ஆனா வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம், படுத்த படுக்கைன்னு அவங்களுக்கே நாள் பத்தாது. வேலையால் நைந்த கைகளுக்கும் ஆள் போடுங்க. அது வரைக்கும் ஓ.பி. வாசல்ல, வரிசையில நிக்கிறவங்க கண்ணுக்கு நேரா, இந்தப் பாட்டில் பயிற்சியைப் படமா வரைஞ்சு ஒட்டலாம். பெயிண்ட் செலவு மட்டும்தான். எங்க சுவத்துல அடுத்த வாரம் ஒட்டறேன்.

31/
டாக்டர் நண்பர்களே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு ஓ.பி.யில முழங்கை வலின்னு யார் வந்தாலும், கோல்ஃப் மட்டையோட வந்தவர்னு நினைச்சுக்கிட்டு வைத்தியம் பாருங்க. அவருக்குச் சொல்றதை இவருக்கும் சொல்லுங்க.

ஐந்தருவிக்கு வர்றவங்களே, நீங்களும் கேளுங்க. எண்ணெய் தேய்ச்சு விடறவர்கிட்ட “இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி”ன்னு சொல்லாதீங்க. அழுத்தறது அவரோட முழங்கை.

இது என் சொந்தக் கருத்து, துறையோட கருத்து இல்ல. கைவலியோட வேலை பார்க்கிற யாராவது உங்க வீட்டுல இருந்தா 26-ஆவது பதிவை மட்டுமாவது காட்டுங்க.